சூடு ஏறினால் நின்றுவிடும்

தம்பி, நம் வண்டியின் பின்பக்கம் இடது மூலையில் இருக்கிற நசுங்கல் வீட்டு கேட் தூணில் இடித்து வந்தது என்று உன்னிடம் சொன்னேன். அது பொய். ஒரு பஸ் இடித்தது. பஸ் இடிப்பதற்கு இரண்டு நிமிஷம் முன்னால்வரை அந்த மூலைக்குப் பக்கத்து சீட்டில் உன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள். அப்போது அவளுக்கு ஏழு மாசம்.

இதை ஃபோனில் சொல்லலாம் என்று நாலைந்து தடவை முயன்றேன். நீ "என்னம்மா, சாப்பிட்டியா" என்று ஆரம்பிப்பாய், எனக்கு வாய் வராது. வர்ற சனிக்கிழமை நீ வந்து வண்டியை எடுத்துக்கொண்டு, மேலூரில் தாய்வீட்டில் இருக்கிற கயலையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு கோயம்புத்தூர் போகப்போகிறாய். மூணு மாசக் குழந்தை பின் சீட்டில் வரப்போகிறது. அதை நினைத்தால் ஒரு வாரமாக எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டியைக் கொடுக்கமாட்டேன் என்று சொல்ல எனக்குக் காரணம் இல்லை, இப்போது அது நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அது எப்படி நன்றானது, அதற்குமுன் என்ன நடந்தது என்று தெரியாமல் நீ சாவியை வாங்கக்கூடாது.

உன் அப்பா வண்டி ஓட்டுவதை நிறுத்தியது உனக்கு ஞாபகம் இருக்கும். கண் மங்குது, எதிரில் வருகிற விளக்கு கூசுது என்றார். யாரும் கேள்வி கேட்கவில்லை. பதினைந்து வருஷமாக அந்தச் சாவியை வேறு யார் கையிலும் கொடுக்காத மனுஷன், ஒருநாள் காலையில் அதை என் சமையல் மேடைமேல் வைத்துவிட்டு, "இந்தா, நீ பழகிக்க" என்றார். எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. தல்லாகுளம் ஆபீசில் முப்பது வருஷம் கோப்புப் பார்த்து விருப்ப ஓய்வு வாங்கிய மறு வருஷம். எனக்கு அவ்வளவு சந்தோஷம், தம்பி. பஸ்ஸுக்கு நிற்காமல், ஆட்டோக்காரனிடம் பேரம் பேசாமல், நினைத்த நேரத்துக்கு நானே கிளம்பலாம் என்பது எனக்கு அந்த வயசில் கிடைத்த ஒரு புது ஆயுள் மாதிரி இருந்தது. டிரைவிங் ஸ்கூலில் இருபது நாள் போனேன். லைசென்ஸ் வாங்கிய அன்றைக்கு உனக்குத்தான் முதலில் படம் அனுப்பினேன்.

மூணாவது மாசம் வண்டி முதல் தடவையாக நின்றது. திருப்பரங்குன்றம் போய்விட்டுத் திரும்புகிற வழியில், சிக்னலில் மெதுவாகும்போது எஞ்சின் அப்படியே அடங்கிவிட்டது. சாவியைத் திருப்பினால் கிர்ர் கிர்ர் என்று சுற்றுகிறது, பிடிக்கவில்லை. பின்னால் ஹாரன். பக்கத்தில் உன் அப்பா. "கிளட்ச்ச டக்குனு விட்டா நிக்காம என்ன செய்யும்? எம்புட்டு தடவ சொல்றது?" பத்து நிமிஷம் கழித்துத் தானாக ஸ்டார்ட் ஆனது. நான் அவர் சொன்னதை நம்பினேன். அடுத்த தடவை நின்றபோதும் நம்பினேன். உன்னிடம் ஃபோனில் சொன்னபோது நீ சிரித்தாய். "அம்மா, கோளாறு வண்டில இல்ல, டிரைவர்ட்ட." நீ விளையாட்டாகத்தான் சொன்னாய், தெரியும். ஆனால் நான் அன்றைக்கு ராத்திரிச் சமையல் பண்ணிக்கொண்டே என் இடது காலைத் தரையில் மெதுவாக, மெதுவாக எடுத்துப் பழகிக்கொண்டிருந்தேன்.

மெக்கானிக் செல்லமுத்துவிடம் மூணு தடவை கொண்டுபோனேன். உனக்குத் தெரியும், நல்ல வேலைக்காரர். பேட்டரி மாற்றினார், பிளக் மாற்றினார், பெட்ரோல் பம்ப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டுப் புதுசு போட்டார். ஒவ்வொரு தடவையும் நம் தெருவைச் சுற்றி அஞ்சு நிமிஷம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி கல்லு மாதிரி இருக்குக்கா, ஒண்ணுமில்ல" என்று சாவியைக் கொடுப்பார். கொடுக்கும்போது ஒரு சின்னச் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குப் புரியும். ஆபீசில் புதிதாக வருகிறவர்கள் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று சொன்னால் நானே அப்படிச் சிரித்திருக்கிறேன்.

அதற்கப்புறம் பயம் என்னோடேயே வண்டியில் ஏறிக்கொண்டது. ஏறி உட்கார்ந்ததும் உள்ளங்கை வேர்க்கும். எதிரில் சிக்னல் வந்தால் பச்சை விழட்டும் என்று தூரத்திலேயே மெதுவாக்குவேன். வண்டியைவிட எனக்கு என்மேல்தான் பயம். என் கால் நான் சொன்னதைக் கேட்கவில்லையா? நான் செய்வது எனக்கே தெரியாமல் போகிறதா? இதை யாரிடமாவது சொன்னால் முதலில் சாவியை வாங்கி வைத்துவிடுவீர்கள். அதனால் சொல்லவில்லை. வண்டி நின்றால்கூட வீட்டில் சொல்லாமல் விட ஆரம்பித்தேன். ஒரு சின்ன நோட்டில் முதல் தடவையிலிருந்து தேதி, இடம், நேரம் மட்டும் எழுதி வைத்தேன், ஆபீஸ் பழக்கம். மற்றபடி யாருக்கும் தெரியாது.

அன்றைக்குக் கத்திரி வெயில். வளைகாப்பு முடிந்து மேலூருக்குப் போயிருந்த கயல், ஸ்கேனுக்காக மதுரைக்கு வந்திருந்தாள். அவள் அப்பா பஸ்ஸில் கூட்டிவந்திருந்தார். அவருக்கு டவுனில் வேறு வேலை இருந்தது. "நான் கொண்டுபோய் விடுறேன்" என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன். அந்த வண்டி அதுவரை ஏழு தடவை நின்றிருக்கிறது என்பது எனக்குத் தெரியும், தம்பி. தெரிந்தேதான் உன் பிள்ளையைச் சுமக்கிறவளை அதில் ஏற்றினேன். மருமகளை நானே ஓட்டிக் கொண்டுபோய்விட்டேன் என்று சம்பந்தி வீட்டு வாசலில் இறங்க வேண்டும் என்கிற ஆசை. இதற்குமேல் இதை எப்படி எழுதினாலும் அழகாகாது.

மாட்டுத்தாவணி தாண்டி நாலு வழிச் சாலையில் ஏறியதும் நெரிசல் குறைந்துவிட்டது. ஏ.சி. முழுசாக ஓடிக்கொண்டிருந்தது. கயல் பின்னால் இடது பக்கம், மடியில் ஸ்கேன் ஃபைல். ஸ்கேன் பார்க்கும்போது குழந்தைக்கு விக்கல் எடுத்ததாம், டாக்டர் காட்டினாராம், அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தாள். முன்னால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று. அதை முந்த வலது பக்கம் ஏறினேன். ஒரு வாய்க்கால் பாலம் ஆரம்பிக்கிற இடம். அங்கே எஞ்சின் நின்றது. சத்தமே இல்லை. டயர் உருள்கிற சத்தம் மட்டும். எதிரில் மீட்டரில் சிவப்பு விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்தது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. இடது பக்கம் ஒதுங்கலாம் என்றால் டிராக்டர். வலது பக்கம் நடுத்தடுப்பு. வண்டி அப்படியே உருண்டு, வேகமாக வருகிறவர்கள் வருகிற அந்த வலது ஓரத்தில், பாலத்தின்மேல் நின்றுபோனது.

"அத்தை, என்னாச்சு?" என்றாள் கயல். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஒண்ணுமில்லமா, கிளட்ச்ச விட்டுட்டேன்." சாவியைத் திருப்பினேன். பிடிக்கவில்லை. பின்னால் ஒரு லாரி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து, கடைசி நேரத்தில் ஒடித்துப் போனது. வண்டி மொத்தமும் ஆடியது. மறுபடி திருப்பினேன். அடுத்து ஒரு கார், அப்படியே. மறுபடி திருப்பினேன். தம்பி, அந்த நேரத்தில் எனக்கு இறங்க வேண்டும் என்றே தோன்றவில்லை. தப்பு என் காலில் இருக்கிறது, காலைச் சரியாக வைத்தால் வண்டி கிளம்பிவிடும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு நிமிஷம் அவளை உள்ளே வைத்துக்கொண்டு கிளட்ச்சை மெதுவாக அமுக்கி, மெதுவாக விட்டு, சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். எனக்கு இன்றைக்கும் நெஞ்சு படபடக்கிறது என்றால் அந்த இரண்டு நிமிஷத்துக்காகத்தான்.

பூ மூட்டை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சின்ன சரக்கு வண்டிக்காரர் எங்களைத் தாண்டிப்போய் ஓரம் கட்டிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வீசிக்கொண்டே ஓடி வந்தார். என் கண்ணாடியைத் தட்டினார். "யக்கா, சாவிய விடுங்க! மொதல்ல பிள்ளத்தாச்சிய இறக்குங்க! வண்டி போனாப் போகுது!" அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்தது. அவர் நடுரோட்டில் நின்று துண்டை வீசி வருகிற வண்டிகளை மெதுவாக்க, நான் கயலின் கையைப் பிடித்து ரோட்டைத் தாண்டி, இடது பக்கம் பாலத்தின் கைப்பிடிச் சுவர் ஓரமாகக் கொண்டுவந்து நிறுத்தினேன். அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்திருந்தாள். ஸ்கேன் ஃபைல் ரோட்டில் விழுந்துகிடந்தது.

நான் திரும்ப வண்டிக்குப் போகக் கிளம்பினேன், பின்னால் நின்று தள்ளலாம் என்று. அவர் என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "எங்க போறீக? நில்லுங்க." அவர் சொல்லி முடிக்கவில்லை, ஒரு பஸ் பிரேக் போட்டுக் கத்திக்கொண்டே வந்து, முக்கால்வாசி வேகம் குறைந்து, வண்டியின் இடது மூலையில் இடித்தது. வண்டி இரண்டு முழம் முன்னால் நகர்ந்து தடுப்பில் போய் முட்டியது. அவ்வளவு பெரிய சத்தம்கூட இல்லை. தகர டப்பாவை மிதித்தது மாதிரி. பஸ்ஸில் யாருக்கும் அடி இல்லை. எங்களுக்கும் இல்லை. நான் தள்ளுவதற்காக நின்றிருக்க வேண்டிய இடத்தில் பின் விளக்குக் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது. கயல் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், சின்னப் பிள்ளை மாதிரி.

பஸ் கண்டக்டரும் அந்தச் சரக்கு வண்டிக்காரருமாகச் சேர்ந்து வண்டியை ஓரத்துக்குத் தள்ளினார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவர் சாவியைத் திருப்பிப் பார்த்தார். ஒன்றுமே நடக்காதது மாதிரி ஸ்டார்ட் ஆனது. அவர் அதை உடனே அணைத்துவிட்டு, "ஸ்டார்ட் ஆகுதேன்னு ஏறிராதீக. நான் மேலூர் வழியாத்தேன் போறேன், வாங்க" என்று எங்கள் இருவரையும் தன் வண்டியில் முன்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய்விட்டார். பேரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அந்த வண்டியில், மேலூர் வருவதற்குள், நான் கயலிடம் கேட்டேன்: "அவன்ட்ட சொல்லாதம்மா. சொன்னா என்னைய ஓட்டவே விடமாட்டான்." அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி அத்தை" என்றாள். அவள் கை திரும்ப வயிற்றின்மேல் இருந்தது. அப்படி உட்கார்ந்திருந்த பிள்ளையிடம் நான் கேட்டது அது.

அன்றைக்குச் சாயங்காலம், வெயில் தாழ்ந்ததும் வண்டியை ஓரமாகவே மெதுவாக ஓட்டிவந்து சேர்த்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து நோட்டை எடுத்தேன். எட்டாவது தடவையை எழுதப் போனவள், முதலிலிருந்து படித்தேன். மத்தியானம் பன்னிரண்டு. ஒரு மணி. இரண்டரை. மூணு. எட்டில் ஒன்றுகூடக் காலையில் இல்லை. எட்டுமே கிளம்பி அரைமணிக்கு மேல் ஓடினதற்கு அப்புறம். எட்டுமே பத்து, பதினைந்து நிமிஷம் ஆறினதும் தானாகக் கிளம்பியிருக்கிறது. தினமும் காலையில் மார்க்கெட்டுக்கு ஓட்டிப்போகிறேன், ஒருநாள் நின்றதில்லை. காலையில் ஒழுங்காக இருக்கிற என் கால் மத்தியானத்தில் மட்டும் எப்படித் தப்பு செய்யும்? அதை நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அது சந்தோஷமா என்று கேட்காதே. நின்றது வண்டிதான் என்றால், அது எங்கே வேண்டுமானாலும் நிற்கும் என்றுதானே அர்த்தம்?

விளக்கு உடைந்ததைச் சரிபண்ணச் செல்லமுத்து வந்தபோது நோட்டைக் காட்டினேன். "நீங்க ஒருநாள் மத்தியானம் என்கூட வரணும். நான் ஓட்டுவேன். நீங்க பக்கத்துல உக்காரணும். ஏ.சி. போட்டு, அது நிக்கிறவரைக்கும்." அவர் நோட்டை இரண்டு தடவை புரட்டினார். பிறகு, "வாரேன்க்கா" என்றார். நாற்பது நிமிஷம் சுற்றினோம், பெரிய ரோட்டுக்குப் போகாமல், உள் தெருக்களிலேயே. எனக்குக் கழுத்தெல்லாம் வேர்வை. நின்றது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "காலு அசையவே இல்ல" என்று தனக்குத்தானே சொன்னார். இறங்கிப் பானெட்டைத் திறந்தார். என்னைச் சாவியை ஒரு சுற்று மட்டும் திருப்பச் சொன்னார், பின்னால் பெட்ரோல் பம்ப் உம்மென்று இரைகிறதா என்று கேட்டார். இரைந்தது. பிளக் வயரைக் கழற்றி, எஞ்சினைச் சுற்றச் சொன்னார். பொறி வரவில்லை. கீழே குனிந்து ஏதோ ஒரு மூலையில் என் தண்ணீர் பாட்டிலை மெதுவாக ஊற்றினார். இரண்டு நிமிஷம். "இப்பத் திருப்புங்க." பிடித்துக்கொண்டது.

கட்டைவிரல் அளவு சாமான், தம்பி. எஞ்சின் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சென்சார். வயசாகிவிட்டால் சூட்டில் அது செத்துப்போகும், ஆறினால் உயிர் வரும். அது பேசாமல் போனால் எஞ்சின் ஓடவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பொறியை நிறுத்திவிடும். மெக்கானிக் பட்டறைக்குக் கொண்டுபோகிற நேரத்துக்குள் அது ஆறிவிடும், அதனால் யார் கண்ணிலும் சிக்காது. மறுநாள் மாற்றினார். இந்த நாலு மாசத்தில் ஒரு தடவைகூட வண்டி நிற்கவில்லை. செல்லமுத்து சாவியைக் கொடுக்கும்போது, "அக்கா, நீங்க சொன்னப்பல்லாம் நான் உங்க காலத்தான் நெனச்சேன், இஞ்சின நெனக்கல. மன்னிச்சிருங்க" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நீ ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அரைப் பரீட்சைக்கு முதல்நாள் வயிறு வலிக்குது என்றாயே, ஞாபகம் இருக்கிறதா? "பரீட்சைன்னா ஒனக்கு எல்லாம் வலிக்கும்" என்று சொல்லிச் சட்டையை மாட்டி அனுப்பினேன். மறுநாளும் அனுப்பினேன். மூணாம் நாள் நீ பரீட்சை ஹாலிலேயே சுருண்டு விழுந்தாய். குடல்வால் வெடிக்கிற நிலைமையில் ஆபரேஷன் பண்ணினார்கள். டாக்டர் என்னைப் பார்த்து, "பிள்ளை சொல்லவே இல்லையா?" என்று கேட்டார். நான் "இல்லை" என்றேன். நீ ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு அதைக் கேட்டாய். இன்றுவரை நீ அதைப்பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

முந்தாநாள் உன் அப்பாவிடம் பாலத்தில் நடந்ததைச் சொன்னேன். அவருக்கும் கேட் தூண் கதைதான் தெரியும். சென்சாரை மாற்றியதைக்கூட ஏதோ சின்ன ரிப்பேர் என்றுதான் சொல்லியிருந்தேன். சொல்லி முடித்ததும் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் நின்னுருக்கு" என்றார்.

"எப்ப?"

"நான் ஓட்டுறப்ப. ரெண்டு தடவ. ஒரு தடவ பஸ்ஸுக்கு முன்னாடியே நின்னுபோச்சு. அதுக்கப்பறந்தான் சாவிய ஒன்ட்ட குடுத்தேன்."

"கண்ணு மங்குதுன்னீங்க?"

"அது கொஞ்சம் உண்மதான்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "எனக்குக் காலு மரத்துப்போச்சுன்னு நெனச்சேன். சக்கர நோய் இருக்குல்ல. பிரேக்க மிதிக்கேன்னு எதையோ மிதிச்சு நிப்பாட்டிட்டேன்னு நெனச்சேன்."

"சரி. எனக்கும் நின்னுச்சே, அப்பவாவது வண்டின்னு தெரிஞ்சிருக்கணுமே?"

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றார். "தெரிஞ்சிச்சு," என்றார். "சொன்னா நான் எதுக்கு ஓட்டுறத விட்டேன்னு சொல்லணும்ல."

அன்றைக்கு முழுக்க நான் அவரிடம் பேசவில்லை. முப்பத்தாறு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் இரண்டு பேரும் ஒரே வண்டிக்குப் பயந்துகொண்டு, ஒருத்தருக்குத் தெரியாமல் ஒருத்தர் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். அவர் மறைத்ததால் நான் பாலத்தில் நின்றேன். நான் மறைத்ததால் கயல் நின்றாள். கோபம் தணிந்தபிறகு எனக்கு வந்தது மறுபடியும் பயம்தான். நீ எங்கள் இரண்டு பேருக்கும் பிறந்தவன்.

ஆகவே உனக்குச் சொல்கிறேன். சென்சார் புதுசு என்றாலும் வண்டிக்குப் பதினேழு வயசு. வேறு ஏதாவது தேயும். ஒரு தடவை நின்றால்கூட அன்றைக்கே எழுதி வை, வெயிலா மழையா, எவ்வளவு நேரம் ஓடியது, எஞ்சின் சுற்றியதா சுற்றவில்லையா என்று. சாவியைத் திருப்பினால் டக் என்ற சத்தத்தோடு அடங்கினால் பேட்டரிப் பக்கம் பார். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோலோ பொறியோ வரவில்லை. நெடுஞ்சாலையில் நின்றால் ஒரு தடவைக்குமேல் சாவியைத் திருப்பாதே. நாலு விளக்கையும் சிமிட்டவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் இறங்கி ரோட்டோரத் தடுப்புக்கு வெளியே போய் நில்லுங்கள். யாரும் பின்னால் நின்று தள்ளவேண்டாம். கயல் ஓட்டும்போது ஏதோ சரியில்லை என்று அவள் சொன்னால், அவள் சொல்வது சரி என்றே வைத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார். தப்பாக இருந்தால் ஒரு நாள் வீணாகும், அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. போன வாரம் மேலூருக்குப் போயிருந்தேன். தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. தூங்குகிற குழந்தையைக் கயல் சட்டென்று வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். குழந்தை முழித்து அழுதது. "என்னமோ பழக்கமாப் போச்சு அத்தை" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். அஞ்சு மாசமாக அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை, நான் கேட்டுக்கொண்டேன் என்பதற்காக. பிரசவத்துக்கு உள்ளே போகும்போதுகூட உன்னிடம் சொல்லவில்லை.

நீ இதைப் படித்ததும் எனக்கு ஃபோன் பண்ணாதே. உன் கோபத்துக்கு நான் சனிக்கிழமைவரை காத்திருப்பேன். முதலில் அவளுக்குப் பண்ணு. அம்மா எழுதிவிட்டாள், இனிமேல் நீ மறைக்க வேண்டாம் என்று சொல். அன்றைக்கு ரொம்பப் பயந்துட்டியா என்று கேள். அவள் ஒண்ணுமில்லை என்றுதான் ஆரம்பிப்பாள். நீ ஃபோனை வைத்துவிடாமல் இரு.